பாத்துக்கலாமுங்க

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் இருந்தேன். தினமும் காலை ஒன்பது மணிக்கு உற்பத்தி மீட்டிங். கச்சேரியில் சிலர் மிருதங்கக்காரரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார்களே, அப்படி நான் எங்கள் மேனேஜர் கேட்கிற விதத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள், 40-ம் கவுண்ட் நூல் ஓடிக்கொண்டிருந்த ரிங் ஃபிரேம்களைச் சனிக்கிழமைக்குள் 60-க்கு மாற்ற வேண்டியிருந்தது. முடியுமா என்றதற்குச் சூப்பர்வைசர், "பாத்துக்கலாமுங்க" என்றார்.

இந்தச் சொல்லுக்கு எத்தனை ராகம்! சட்டென்று வந்தால், முடித்துவிடுவார். 'லா'வில் கொஞ்சம் இழுபட்டால், ஆள் கிடைத்தால் பார்ப்பார். அதற்கு முன்னால் ஒரு மூச்சு நின்றால், முடியாது என்பதை இத்தனை பேர் எதிரில் எப்படிச் சொல்வது என்று பொருள். அன்று அந்த மூச்சு நின்றது. எங்கள் பேனாக்கள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டன. மேனேஜர் தன் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

"என்னமோ யோசிச்சுட்டுச் சொன்ன மாதிரி இருந்துதுங்களே."

பதில் இல்லை. மின்விசிறிச் சத்தம். அந்த மௌனத்தில் அவர் இன்னொரு வார்த்தை போடவில்லை. எனக்கு மிகப் பிடித்த இடம் அது; பெரிய வித்வான் விட்டுவைக்கிற கார்வை போல.

"ஃபிட்டர் பையன் நாலு நாளா ஊட்டுக்கே போகலீங்க. சம்சாரத்துக்கு நெறமாசமுங்க. இன்னும் ரெண்டு நாள் இருன்னு சொல்ல வாய் வரலீங்க."

"அப்ப மெசின்ல ஒண்ணுமில்லீங்க. பையனை ஊட்டுக்கு அனுப்போணும், எங்கிட்டக் கேக்கத் தயக்கம். அப்படித்தானுங்களே?"

"ஆமாங்க" என்றபோது சூப்பர்வைசரின் தோள் இறங்கியதைப் பார்த்தேன். தேதி, ஆள், ஷிப்ட் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எதிராளியின் எண்ணத்தையும் உணர்ச்சியையும், அவரே ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொன்ன பிறகே உன் கருத்தைச் சொல் என்று உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1952-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதினார். அதைப் படித்தபோது எனக்கு எங்கள் மேனேஜரும், கூடவே வில்லுப்பாட்டும் ஞாபகத்துக்கு வந்தன. அங்கே பக்கப்பாட்டுக்காரர் புலவரின் கடைசிச் சொல்லை வாங்கித் திருப்பிக் கொடுத்து 'ஆமா' போடுவார். கவனம் தப்பினால் அந்த ஆமா செத்துவிடும்.

ரோஜர்ஸுக்கும் முன்பே, சிகாகோவுக்கு அருகே ஹாதார்ன் ஆலையில் 1928 முதல் 1930 வரை ஆய்வாளர்கள் 21,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் பேசினார்கள். முதலில் எழுதிவைத்த கேள்விகளோடு போனார்கள்; தொழிலாளர்களோ தங்கள் மனதில் இருந்ததற்கே திரும்பத் திரும்பப் போனார்கள். கேள்வித்தாளை விட்டுவிட்டு அவர்கள் போக்கில் கேட்கத் தொடங்கியதும், அரை மணி நேரப் பேச்சு ஒன்றரை மணி நேரமானது. செவியால் கேட்பதற்கும் வினவுவதற்கும் தமிழ் 'கேள்வி' என்ற ஒரே சொல்லை வைத்திருப்பதை நினைத்து நான் அடிக்கடி மகிழ்வதுண்டு. எங்கள் மேனேஜரின் வினா, காதிலிருந்து பிறந்தது.

அன்று மினிட்ஸ் எழுதியவன் நான். 'ஆள் பற்றாக்குறையால் கவுண்ட் மாற்றம் தள்ளிவைப்பு' என்று எழுதி மேனேஜரிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"அவர் சொன்னது இது இல்லீங்களே."