பொக்காச்சியோவின் இளமைப் படைப்புகள்

ஜொவான்னி பொக்காச்சியோ (1313-1375) என்றதும் ‘டெக்கமரான்’ நூலின் நூறு கதைகளே நம் நினைவுக்கு வருகின்றன. அதற்கு முந்தியவற்றை வெறும் பயிற்சி ஏடுகளெனத் தள்ளுவது முறையன்று.

பார்தி வங்கியில் பணியாற்றிய தந்தை, தொழில் பழகுமாறு அவரை இளமையிலேயே நேப்பிள்ஸ் நகருக்கு அழைத்துச் சென்றார். கணக்கேடும் திருச்சபைச் சட்டமும் மனத்தில் ஒட்டவில்லை, கவிதை ஒட்டியது. அங்கு எழுதிய ‘ஃபிலோக்கோலோ’வில் கற்ற கல்வியெல்லாம் கொட்டிக் கிடக்கிறது, படிப்போர் பொறுமையைச் சோதிக்கும் நூல்! ‘ஃபிலோஸ்திராத்தோ’வோ எட்டடிச் செய்யுளில் தெளிந்த ஓட்டமுடையது, ஆங்கிலக் கவிஞர் சாசர் தம் ‘டிராய்லஸ்’ காவியத்துக்கு இதனையே மூலமாகக் கொண்டார்.

புளோரன்ஸ் திரும்பியபின், 1343-44 வாக்கில் எழுதிய உரைநடை நூல் ‘ஃபியாமெத்தா’. முதிய தந்தையைக் காரணங்காட்டி நேப்பிள்ஸை விட்டுப் போன காதலன், நான்கு திங்களில் மீள்வதாகச் சொல்லியும் வரவில்லை. காத்திருப்பவளே கதை சொல்கிறாள்; மணமானவள், வாய்விட்டு அழவும் இயலாதவள். நேப்பிள்ஸ் அரசர் இராபர்ட்டின் மகளே இவளென்று முன்னை ஆய்வாளர் சிலர் கருதினர், சான்று கிடைத்திலது. அத்தேடலும் வேண்டியதன்று. ஊரைவிட்டுப் பிரிந்தவர் ஆசிரியரே; ஆயினும், பிரிந்தவனுக்கன்றித் தங்கியவளுக்கே நூல் முழுவதையும் பேசக் கொடுத்தார். அவள் நாள் எண்ணுவதும், நிலவின் தேய்தல் வளர்தலைப் பார்த்திருப்பதும், வணிகனொருவன் வாயிலாக அவனுக்கு மணம் முடிந்ததெனக் கேட்டுத் துடிப்பதுமான பகுதிகளைப் படித்துப் பாருங்கள். ‘டெக்கமரா’னிலும் ஒரு பெண்மனத்தை அவர் இத்துணை நெருங்கித் தொடரவில்லை என்பேன்.