கருக்கு: முற்றுப்பெறாத ஒரு சாட்சி

சாட்சி கூறும் மரபு நம் திருச்சபைக்குப் புதிதன்று. பாவத்தில் கிடந்தேன், ஆண்டவர் தொட்டார், இன்று மகிழ்கிறேன் என்னும் மூன்று படிகளில் அது பெரும்பாலும் அமையும். பாமா 1992-இல் வெளியிட்ட 'கருக்கு' என்னும் தன்வரலாற்று நூலையும் இவ்வகைச் சாட்சியாகவே நான் இறையியல் மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் கற்பித்து வந்தேன். அந்த வாசிப்பு எத்துணைக் குறையுடையது என்பதைத் திருப்பூர்ப் பகுதியில் ஒரு மாலை வேளையில் உணர்ந்தேன். அதன் ஒளியில் இந்நூலை மீண்டும் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருக்கு என்பது பனைமட்டையின் ரம்பம் போன்ற விளிம்பு. நமது பழைய வேதாகம மொழிபெயர்ப்பு எபிரெயர் 4:12-இல் பட்டயத்தின் கூர்மையைக் குறிக்கவும் இச்சொல்லையே ஆளுகிறது. விறகு பொறுக்கும் சிறுமியின் தோலைக் கீறிய மட்டையும் தேவ வார்த்தையும் இவ்வாறு ஒரே சொல்லில் சந்திக்கின்றன. நூலின் இறையியல் முழுவதும் இச்சந்திப்பில் அடங்கியுள்ளது எனலாம்.

பள்ளிச் சிறுமியாகிய ஆசிரியர், தம் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தை நூலைப் பிடித்துத் தூக்கிச் சென்று, நில உடைமையாளரான நாயக்கரிடம் கொடுப்பதைக் கண்டு சிரிக்கிறார். கை பட்டால் தீட்டு என்பதே அதன் காரணம் என்று அண்ணன் விளக்கியதும் சிரிப்பு சினமாக மாறுகிறது. நீதியை நோக்கிய பயணம் இங்கு ஒருவர் தாமாகக் கண்ட தரிசனத்தால் தொடங்கவில்லை; மற்றொருவர் சொன்ன சொல்லால் தொடங்குகிறது. மார்ட்டின் லூதர் கிங் 1965-இல் ஆற்றிய பிரசங்கம் ஒன்று ஈண்டு நினைவுக்கு வருகிறது. தாம் 1959-இல் திருவனந்தபுரத்தில் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகள் பயின்ற பள்ளிக்குச் சென்றபோது, தலைமையாசிரியர் தம்மை அமெரிக்காவின் தீண்டப்படாதவர் என்று அறிமுகம் செய்ததாக அவர் அதில் கூறினார். முதலில் துணுக்குற்ற அவர், பின்னர் அச்சொல் உண்மையென ஏற்றார்.

ஏழை மாணவியருக்குத் தொண்டாற்றும் ஆவலோடு கன்னியர் மடம் புகுந்த பாமா, வசதியுள்ளோருக்கே அங்குப் பணி நடப்பதையும், தம் மக்கள் இழிவாகப் பேசப்படுவதையும் கண்டு ஏழாண்டுகளுக்குப்பின் வெளியேறினார். இதைக் கத்தோலிக்கரின் குறையென நாம் ஒதுக்கிவிடலாகாது. சாதி வேறுபாட்டைச் சபையிலிருந்து உடனே அகற்றுமாறு பேராயர் டானியேல் வில்சன் 1833-இல் ஆணையிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் பிரிந்துசென்றது நம் சபையின் வரலாறே.

நூலில் குறைகளும் உண்டு. மடத்து வாழ்வைக் கூறும் பகுதிகளில் ஒரே குற்றச்சாட்டு பன்முறை வருகிறது. சில இடங்களில் கதை நின்று அறிவுரை தொடங்குகிறது. ஆயினும், நாம் கொச்சை என்று ஒதுக்கிய பேச்சுமொழியே நூலின் உயிர்.

இனி அம்மாலை நிகழ்ச்சிக்கு வருவோம். திருப்பூரையடுத்த ஒரு சபையில், பெண்கள் ஐக்கிய சங்கத்தினருக்கு இந்நூலை அறிமுகம் செய்தேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு சகோதரி எழுந்து, "அந்தம்மா மடத்த விட்டு வெளிய வந்துட்டாங்க. நாங்க கம்பெனிய விட்டு வந்தா சனிக்கெழம சம்பளம் யாருங்கய்யா குடுப்பாங்க?" என்று கேட்டார். என்னிடம் விடையில்லை. வீடு திரும்பி இறுதிப் பகுதியை மறுபடி படித்தேன். வேலையுமின்றிப் பாதுகாப்புமின்றி நிற்கும் பாமா அங்கு ஏறத்தாழ அதே கேள்வியைக் கேட்கிறார்! மூன்றாம் படியாகிய மகிழ்ச்சியை நானே அந்நூலுக்குள் புகுத்திக் கற்பித்திருந்தேன்.

இப்பகுதியில் செல்வாக்குப் பெற்ற வேறொரு சாட்சியும் உண்டு. ஷரத் சாரி 2004-இல் வெளியிட்ட திருப்பூர் பற்றிய ஆய்வு நூல் அதை நுணுகி ஆராய்கிறது. உழவுக் குடும்பங்களிலிருந்து தொழிலாளராக வந்து உரிமையாளராக உயர்ந்த கவுண்டர் சமூகத்தார், தம் ஏற்றத்துக்கு 'உழைப்பு' ஒன்றையே காரணமாகக் கூறினர். அவ்வுழைப்பு மெய்யே. ஆயினும் உறவும் சாதித் தொடர்பும் அவர்களுக்குத் துணைநின்றன. தலித் தொழிலாளருக்கும் பெண்களுக்கும், எவ்வளவு உழைத்தும், அவ்வாயில் பெரும்பாலும் திறக்கவில்லை. வெற்றியில் முடியும் கதை, உடன் உழைத்து உயராதவரைப்பற்றிப் பேசாது.

நம் சபைச் சாட்சிகளும் பெரும்பாலும் இக்கதையின் சாயலிலேயே அமைந்துவிடுகின்றன. இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்திருப்பவரை நம் சபையாரே "வடக்கன்" என்கின்றனர். அவர்கள் தாக்கப்படுவதாக 2023 மார்ச்சில் பொய்ச்செய்தி பரவி, அச்சத்தால் பலர் ஊர் திரும்பியபோது நாம் அவர்களுக்காக என்ன செய்தோம்?

'கருக்கு' நம்மை அழவைக்கும். அழுதபின் அந்தச் சகோதரியின் கேள்வியை மறந்துவிட்டால் நாம் நூலைப் படித்தவர்களாகோம். அவருக்கு விடை கூற இன்னும் நான் கடன்பட்டிருக்கிறேன், சபையும் கடன்பட்டிருக்கிறது.