துணைவினையின் அதிகாரம்: 'மே', 'ஷல்', '-லாம்'

ஆங்கில இலக்கணத்தில் 'மோடல்' வினைகள் என்று ஒரு பட்டியல் உண்டு. கேன் என்றால் திறன், மே என்றால் அனுமதி, மஸ்ட் என்றால் கட்டாயம். தவளக்குப்பத்தில் கடலூர்ச் சாலையோரத்து டியூஷன் சென்டர் வரை இந்த அட்டவணையை இப்படித்தான் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். அனுமதிப்பது யார், கட்டாயம் யாருக்கு என்று அட்டவணை கேட்பதில்லை. இலக்கணம் ரொம்ப அப்பாவி என்கிற பாவனை இங்கேதான் தொடங்குகிறது.

இந்தப் பாவனை குலைந்த தருணம் ஒன்று நம் வரலாற்றில் உண்டு. அரசியல் சட்டத்தின் 343ஆம் பிரிவு, ஒன்றியத்தின் ஆட்சிமொழி இந்தி என்பதை 'ஷல்' போட்டு எழுதியது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் ஆங்கிலத்துக்கு நாடாளுமன்றம் வழிசெய்வதை 'மே' போட்டு எழுதியது. 1963ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தின் 3ஆம் பிரிவும் அதே 'மே'யை எடுத்துக்கொண்டது. 1965 ஜனவரி 26க்குப் பிறகு இந்தியோடு ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம். 'படலாம்' என்றால் படாமலும் போகலாம்தானே என்றது தி.மு.க. இந்த இடத்தில் 'மே'க்கும் 'ஷல்'லுக்கும் ஒரே பொருள்தான் என்று வாதிட்டார் நேரு. ஒரே பொருள் என்றால் 'ஷல்' என்றே எழுதிவிட்டுப் போவதுதானே? எழுதவில்லை. ஒரே பொருள் என்று சொல்லிக்கொண்டே ஒரு சொல்லை விட்டுக்கொடுக்க மறுக்கும்போது, பொருள் வேறு என்பது அம்பலமாகிவிடுகிறது.

பழைய ஆங்கிலத்தில் 'ஷல்'லின் மூலச்சொல் கடன்பட்டிருப்பதைக் குறித்தது. 'மே'யின் மூலச்சொல் வலிமையை, இயலுதலைக் குறித்தது. சட்டப் பிரதிக்குள் இந்தப் பழைய அர்த்தங்கள் இன்னும் சாகவில்லை. 'ஷல்' அரசைக் கடனாளியாக்குகிறது. 'மே' அரசின் கைக்கே வலிமையைத் திருப்பித் தருகிறது. மேலும், ஆங்கில 'மே நாட்' தடையையும் ஐயத்தையும் ஒன்றாகச் சுருட்டி வைத்திருக்கிறது. தமிழில் இவை தனித்தனி: 'வரக் கூடாது' வேறு, 'வராமல் இருக்கலாம்' வேறு. ஆங்கிலம் மூடி வைத்த விரிசல், தமிழில் வாசிக்கிறவருக்குப் பளிச்சென்று தெரிகிறது.

1964 ஜனவரி 25 அன்று கீழப்பழுவூர் சின்னசாமி திருச்சியில் தீக்குளித்தார். அடுத்த ஆண்டு தெருக்கள் பற்றி எரிந்தன. அதன் பிறகு வந்த 1967ஆம் ஆண்டுத் திருத்தமும் 'மே'யை நீக்கவில்லை. மூல வாக்கியத்தில் அது அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அதன் வாலில் ஒரு 'ஷல்' ஒட்டப்பட்டது, அவ்வளவுதான். இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு ஒன்றியம் ஆங்கிலத்தில்தான் தொடர்புகொள்ள வேண்டும். அத்தகைய மாநிலங்களின் சட்டமன்றங்கள் அனைத்தும் தீர்மானம் நிறைவேற்றாமல் இந்த ஏற்பாடு போகாது. ஒரு துணைவினைக்கு இத்தனை உயிர்கள் விலை.

புதுச்சேரிக்கு வந்தால் கதை திரும்புகிறது. 1956இல் கையெழுத்தாகி 1962இல் நடைமுறைக்கு வந்த ஒப்படைப்பு ஒப்பந்தம், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவெடுக்கும் வரை பிரெஞ்சே ஆட்சிமொழி என்று 'ஷல்' போட்டது. 1965ஆம் ஆண்டுப் புதுச்சேரி ஆட்சிமொழிச் சட்டம் தமிழுக்கு 'ஷல்' தந்தது, ஆங்கிலத்துக்கு 'மே' தந்தது. ஆனால் அலுவலகக் கோப்புகளில் இன்றும் ஓங்கியிருப்பது அந்த 'மே' ஆங்கிலம்தான். தில்லியில் ஆங்கிலத்துக்கு 'ஷல்' கேட்ட நாம், இங்கே அதே ஆங்கிலத்தின் 'மே' தமிழின் 'ஷல்'லைத் தின்பதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறோம். கடன் பத்திரம் கையில் இருந்தால் மட்டும் போதாது, வசூலிக்கப் போகிறவர்களும் வேண்டும்.

இது மொழிச் சிக்கல் மட்டுமல்ல. இடஒதுக்கீட்டுக்கான 16(4)ஆம் பிரிவு, அரசு ஏற்பாடு செய்வதை எதுவும் தடுக்காது என்கிறதே தவிர, அரசு செய்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பதவி உயர்வில் இடஒதுக்கீடு அடிப்படை உரிமை அல்ல, 16(4) அரசுக்கு அதிகாரம் தரும் பிரிவு மட்டுமே என்றது. தலித்துகளும் பிற்படுத்தப்பட்டோரும் உரிமை என்று வாசித்ததை, நீதிமன்றம் அரசின் விருப்பம் என்று வாசித்தது. வாக்கியத்தில் கடனாளி இல்லை என்பதே அந்த வாசிப்புக்கு இடம் கொடுத்தது.

'வேண்டும்' என்கிற நம் சொல்லிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. அது விருப்பம், கட்டாயம், இரப்பு மூன்றையும் சுமக்கிறது. ஊர்வலத்தில் 'வேண்டும்' என்று முழங்கிவிட்டு, மனுவில் 'ஆவன செய்ய வேண்டுகிறோம்' என்று எழுதிக் கொடுக்கிறோம். முதலாவது கடனைக் கேட்கிறது, இரண்டாவது கையேந்துகிறது. சட்ட முன்வரைவுகளையும் கோரிக்கை அறிக்கைகளையும் கையில் எடுக்கிற இயக்கத் தோழர்கள், பெயர்ச்சொற்களைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாமல் வாக்கியத்தின் வால் வரை வாசிக்க வேண்டியிருக்கிறது.