பல நிச்சயமும் ஓர் ஒப்புமையின் குறையும்

ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாய பேதத்தை மேனாட்டார்க்கு விளக்கப் புகுந்தோர் எளியதோர் ஒப்புமையைக் கையாள்வதுண்டு. மார்ஜார கிசோர ந்யாயம் கொள்ளும் தென்கலையார் ப்ராடஸ்டண்டினரைப் போன்றவர். மர்க்கட கிசோர ந்யாயம் கொள்ளும் வடகலையார் கத்தோலிக்கரைப் போன்றவர் என்பது அது. நம்மவருள்ளும் இதனை ஆராயாது எடுத்தாள்வோர் உளர். ‘எனக்கு மோக்ஷம் நிச்சயமா?’ என்னும் வினாவில் உரைத்துப் பார்த்தால் இவ்வொப்புமை நில்லாது.

பிறர் மதத்தை அவர் கூறியவாறே அறிதல் முதற்கடன். தான் தெய்வ அருளைப் பெற்றுவிட்டதாக, பொய்த்தலுக்கு இடமற்ற விசுவாச நிச்சயத்தோடு ஒருவரும் அறிய இயலாது என்று ட்ரெண்ட் மஹாஸபை 1547 ஜனவரி 13 அன்று வரையறுத்தது. இதனால் கத்தோலிக்கர் இறைவனையே ஐயுறுகின்றனர் என்பது பிழை. அவன் கருணையையும் கிறிஸ்துவின் புண்ணியத்தையும் திருவருட்சாதனங்களின் ஆற்றலையும் ஐயுறலாகாது என்று அவ்வத்தியாயமே விதிக்கிறது. அச்சம் அருள்வோனைப் பற்றியதன்று. பெறுவோனது குறையைப் பற்றியது.

ப்ராடஸ்டண்ட் பக்ஷமும் ஒருபடித்தானதன்று. தன்னுள் நோக்காது, புறத்தே உள்ள வாக்குறுதியைப் பற்றுமாறு லூதர் பணித்தார். கால்வின் உறுதியான அறிவை விசுவாசத்தின் இலக்கணத்திலேயே அடக்கினார். அவர் வழியில் எழுந்த 1646ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையோ, அவ்வுறுதி விசுவாசத்தின் ஸாரத்தைச் சேர்ந்ததன்று என்றும், மெய்யடியானும் அதனைப் பெற நெடுங்காலம் போராட நேரலாம் என்றும் கூறிற்று.

இனி நம் ஸித்தாந்தம். ஸ்வாமி தேசிகன் மஹாவிச்வாஸத்தை ப்ரபத்திக்கு அங்கமாக வைத்தார். ப்ரபந்நன் க்ருதக்ருத்யன் என்பதற்கு ரஹஸ்யத்ரயஸாரத்தில் தனி அதிகாரமே அமைத்தார். ப்ரபத்தி வ்யாஜமாத்ரம், பலன் தருபவன் பகவானே. ஆகவே ட்ரெண்ட் மறுத்த நிச்சயத்தை வடகலையார் மறுப்பவரல்லர். பிள்ளை லோகாசார்யர், ஸித்தனான எம்பெருமானே உபாயம், சேதனனது பற்றுதல் உபாயமன்று என்று நிலைநாட்டினார். இருவர்க்கும் விவாதம் உபாய ஸ்வரூபத்தில். பல நிச்சயத்தில் அன்று. சரமச்லோகம் சோகநிவ்ருத்தியில் முடிவது இருவர்க்கும் பொது.

இங்கு ஓர் ஆக்ஷேபம் எழும். மஹாவிச்வாஸம் அங்கமாயின், ‘அது எனக்கு உண்டா?’ என்னும் ஐயம் புகாதோ? வெஸ்ட்மின்ஸ்டர் மரபினரைத் தம் நெஞ்சையே ஓயாது சோதிக்கச் செய்த ஐயம் இதுவே. இதனை அற்பமென ஒதுக்கலாகாது. இதற்குப் பரிஹாரம் ஆசார்ய ஸம்பந்தம். தேசிகன் கூறும் ஆசார்யநிஷ்டன் தன் பொருட்டு ஆசார்யன் செய்யும் பரஸமர்ப்பணத்தில் அடங்குகிறான். லோகாசார்யர் ஆசார்யாபிமானமே உத்தாரகம் என்கிறார். இரு வழியிலும் சேதனன் தன் நெஞ்சின் திண்மையை எண்ணித் தேறுவதில்லை.

லூதரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் ஒப்பமிட்ட கூட்டறிக்கையும், தன் அநுபவத்தை நோக்காது வாக்குறுதியையே நோக்குக என்னும் இடத்தில் இருசாராரையும் நெருங்கச் செய்தது. மெய்யான ஒப்புமைக்கு இடம் அதுவே. குரங்கையும் பூனையையும் கொண்டு இரு மதங்களுக்குப் பெயர் சூட்டுவோர், அந்திம காலத்தில் ஒருவன் எதனைப் பற்றிக் கண் மூடுகிறான் என்பதைக் காணத் தவறினர்.