தலைப்பட்டையும் மண்டையோட்டு மாலையும்: ஓர் அசைவூட்டப்படத்தில் இந்திய யோகி

சண்டை விளையாட்டு ஒன்றிலிருந்து பிறந்த ஜப்பானிய அசைவூட்டப்படத்தைத் தமிழாய்வு இதழில் ஆராய்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். இலக்கியம், கோயிற்கலை, தோட்டப்புற வாய்மொழி வழக்காறுகள் எனப் பழகிய புலங்கள் பல இருக்க, இது எதற்கு என்ற வினா எழுவதும் இயல்பே. எனினும், கிள்ளான் பள்ளத்தாக்கில் வளர்ந்த இரு தலைமுறைத் தமிழ் இளைஞரிடம், உலக வெகுமக்கள் பண்பாட்டில் நீங்கள் முதன்முதலாகக் கண்ட இந்திய உருவம் எது என்று வினவினால், அவர்களுள் பலர் காந்தியடிகளையோ தாஜ்மகாலையோ கூறுவதில்லை, தால்சிம் என்கின்றனர். கை நீளும், வாயிலிருந்து தீ கக்கும், கழுத்தில் மண்டையோடு அணியும் ஒரு யோகி அவன். 1994ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜப்பானில் வெளிவந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' அசைவூட்டப்படத்தில் அவனுக்கு ஓர் இடம் உண்டு. அவ்விடம் எத்தகையது என்பதை ஆராயும் வழியாக, அப்படத்தின் நிறைகுறைகளை மதிப்பிட முனைகிறோம்.

முதலில் மூல விளையாட்டைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். காப்காம் நிறுவனம் 1991இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' விளையாட்டை வெளியிட்டபோது, ஆட்டக்காரர் தேர்ந்தெடுப்பதற்கு ஆறு நாடுகளைச் சேர்ந்த எட்டு வீரர்கள் இருந்தனர். ஒவ்வொரு நாடும் ஓர் உடலாகச் சுருக்கப்பட்டிருந்தது. ஜப்பானுக்குக் கராத்தே வீரனும் சுமோ வீரனும். பிரேசிலுக்குப் பச்சைநிறக் காட்டுமனிதன். சோவியத் ஒன்றியத்திற்குக் கரடியோடு மல்லுக்கு நிற்கும் மற்போர் வீரன். (அவ்வாண்டின் இறுதியிலேயே சோவியத் ஒன்றியம் மறைந்தது, மற்போர் வீரன் மட்டும் இன்றுவரை மறையவில்லை.) இந்தியாவுக்கு வாய்த்தவன் தால்சிம். பின்னணியில் யானைகள் பிளிறும்; சுவரில் பிள்ளையாரை ஒத்த ஓவியம் தொங்கும். நீளும் கைகூட நேரே யோக மரபிலிருந்து வந்ததன்று. 1976இல் ஜிம்மி வாங் யூ இயக்கி நடித்த குங்ஃபூ படமொன்றில் கை நீளும் இந்திய யோகி ஒருவன் தோன்றுகிறான். எனவே தால்சிம் இந்தியாவின் பிம்பம் என்பதைவிடப் பிம்பத்தின் பிம்பம் என்பதே பொருந்தும்.

இவ்வுருவம் நம் நாட்டிற்கு வந்த வழி நூலகமும் அன்று, திரையரங்கும் அன்று. தொண்ணூறுகளில் பேரங்காடி மாடிகளில் இயங்கிய விளையாட்டு நிலையங்கள் வழியாகவும், பின்னர் விசிடி வட்டுகள் வழியாகவும் அது வீடுகளை அடைந்தது. அந்நிலையங்கள் மாணவரைக் கெடுக்கின்றன என்ற குறைகூறல் வலுத்து, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு அவற்றின்மீது கடும் நடவடிக்கை எடுத்தது. அக்காலத்தில் பள்ளி சென்றவர்கள் இன்று பெற்றோர்களாகிவிட்டனர். நம் வகுப்பில் இப்படத்தைத் திரையிட்டபோது, காப்பாரிலிருந்து வரும் மாணவர் ஒருவர், தம் தந்தையார் இடைநிலைப்பள்ளியில் நான்கு ஆண்டுகள் 'தால்சிம்' என்றே அழைக்கப்பட்டார் எனக் கூறினார். மெலிந்த உடலும் நெற்றியில் திருநீறும் அதற்குப் போதிய காரணங்களாயின. அவர் அதைச் சிரித்துக்கொண்டே கூறினார். தந்தையாரும் சிரித்துக்கொண்டே கூறியிருக்கலாம். பட்டப்பெயரைச் சூட்டியவர்கள் தீய எண்ணம் உடையவர்கள் என நாம் கருதவில்லை. அவர்களிடம் இருந்த ஒரே இந்திய உருவம் அதுவாக இருந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

இனி, படத்தின் நிறைகளுக்கு வருவோம். அவை எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. இயக்குநர் கிசாபுரோ சுகீ, மியாசாவா கென்ஜியின் கதையைத் தழுவி 1985இல் 'பால்வீதியில் இரவு ரயில்' என்னும் பொருள்படும் படத்தை எடுத்தவர். 1987இல் கெஞ்சி காவியத்தைத் திரைக்குக் கொண்டுவந்தவர். மௌனத்தையும் வெளியையும் கையாளத் தெரிந்த அத்தகைய ஒருவரிடம் சண்டை விளையாட்டை ஒப்படைத்தது நற்பேறே. படத்தின் தொடக்கக் காட்சியே இதற்குச் சான்று. மின்னல் வெட்டும் இரவில், புல்வெளியில், ரியூவும் தாய்லாந்து வீரன் சாகத்தும் மோதுகின்றனர். விளையாட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் கை நீண்டு அடி விழும். அடிக்கு எடையில்லை, களைப்பில்லை. இங்கோ ஒவ்வோர் அடிக்கும் முன்பு மூச்சு இருக்கிறது. பின்பு வலி இருக்கிறது. நிலத்தில் கால் ஊன்றுவது தெரிகிறது. சாகத்தின் மார்பில் பிளக்கும் காயம் விளையாட்டில் வெறும் அடையாளக்கோடு. படத்தில் அது ஒரு நிகழ்ச்சியாகி, அவன் பகைக்கு வேராகிறது. சுன்-லீயின் குடியிருப்பில் வேகாவுக்கும் அவளுக்கும் நிகழும் மோதலும் இவ்வகையில் சிறந்தது. மேசை, சுவர், உடைந்த கண்ணாடி எல்லாம் அங்கே சண்டையில் பங்கேற்கின்றன. அவள் வெல்கிறாள், ஆனால் மருத்துவமனையில் கிடக்கிறாள். வெற்றிக்கு உடல் செலுத்தும் விலையை இத்துணை நேர்மையாகக் காட்டிய விளையாட்டுத் தழுவல் படங்கள் மிகச் சிலவே.

இவற்றினும் நுட்பமானது தலைப்பட்டைக் காட்சி. விளையாட்டில் ரியூ சிவப்புத் தலைப்பட்டை கட்டியிருப்பான். ஏனென்று எவரும் கேட்டதில்லை. இளமைப் பயிற்சிக் காலத்தில் அவன் நெற்றியில் காயம்பட்டபோது, நண்பன் கென் தன் கூந்தலைக் கட்டியிருந்த பட்டையை அவிழ்த்துக் கொடுக்கிறான் என்று படம் கூறுகிறது. அலங்காரமாக இருந்த ஒரு துணித்துண்டு நட்பின் நினைவுப்பொருளாகிறது. பின்னர்க் கென் பகைவனின் வசியத்துக்கு ஆட்பட்டு ரியூவையே தாக்கும்போது, ரியூ திருப்பி அடிக்கத் தயங்குவதன் பொருள் நமக்கு விளங்குகிறது. படம் தன் மூலத்தைவிட உயர்ந்து நிற்கும் இடம் இது. உடல்மேல் கிடக்கும் ஒரு பொருளுக்கு வரலாறு தருவதே பாத்திரத்துக்கு உயிர் தருவது என்பதைச் சுகீ நன்கறிவார்.

குறைகளுள் பொதுவானவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1993இல் விரிவாக்கப்பட்ட விளையாட்டில் வீரர் பதினாறு பேர். அவர்கள் அனைவரையும் ஏறத்தாழ நூறு நிமிடங்களுக்குள் காட்ட வேண்டிய கட்டாயம் படத்தைக் குலைக்கிறது. ஹாங்காங், லாஸ் வேகாஸ், இலண்டன், சியாட்டில் என ஊர்கள் மாறுகின்றன. சிலர் முகம் காட்டி மறைகின்றனர். பைசன் என்னும் பகைத்தலைவன் உலகை ஆள விரும்புகிறான் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. சுன்-லீ குளிக்கும் காட்சி, பின்வரும் சண்டையின் கண்ணியத்தையே மாசுபடுத்துகிறது. சில வெளியீடுகளில் அது குறைக்கப்பட்டது. ஆங்கிலப் பதிப்பில் ஜப்பானிய இசையை நீக்கி ராக் பாடல்களைச் சேர்த்ததால், இயக்குநர் விட்ட மௌனங்கள் பல நிரப்பப்பட்டுவிட்டன. இவை இருக்கட்டும்.

நம் கவனத்துக்குரியது கல்கத்தாக் காட்சி. (நகரின் பெயர் 2001இல்தான் கொல்கத்தா ஆயிற்று.) கூட்டத்தின் நடுவே சுமோ வீரன் ஹோண்டாவும் தால்சிமும் மோதுகின்றனர், கூட்டத்தில் ஒருவனாக ரியூ நிற்கிறான். தால்சிமின் கழுத்தில் மண்டையோடுகள் தொங்குகின்றன. விளையாட்டை உருவாக்கியோர் வகுத்த பின்கதையின்படி அவை கொள்ளைநோயில் இறந்த அவன் ஊர்க் குழந்தைகளின் மண்டையோடுகள். வறிய தன் ஊர்மக்களுக்குப் பொருள் தேடவே அவன் சண்டையிடுகிறான். அவ்வாறாயின் அம்மாலை துயரத்தின் சின்னம். கென் தந்த தலைப்பட்டைக்கு இணையாக, ஒருவேளை அதனினும் ஆழமாக, வரலாறு சுமந்த பொருள் அது. ஆயினும் தலைப்பட்டைக்கு ஒரு நினைவுக்காட்சி அளித்த படம், மண்டையோட்டு மாலைக்கு ஒரு சொல்லையும் அளிக்கவில்லை. பின்கதை அறியாதவன் கண்ணுக்கு அது காட்டுமிராண்டி அணிகலனாகவே எஞ்சுகிறது. காப்பார் மாணவரின் தந்தையாருக்குப் பட்டப்பெயர் சூட்டிய சிறுவர் கண்டதும் அதுவே.

தமிழ் வாசகருக்கு இது இரட்டை இழப்பு. மண்டையோடு ஏந்திய இறைவனை நம் மரபு அஞ்சி விலக்கவில்லை. பிரமனின் தலையோட்டை ஏந்திப் பலிதேர்ந்த பெருமானைக் கபாலி என்றே அழைத்து, மயிலையில் கோயில் எடுத்தது. அப்பெயர் தோட்டப்புறங்களில் எத்துணை இயல்பாக வழங்கியது என்பதை 2016இல் வெளிவந்த ரஜினிகாந்த் படத்துக்கு முன்பே மலேசியர் அறிவர். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் எழுதிய 'மத்தவிலாசம்' கபாலிகனை எள்ளி நகையாடுகிறது; ஆனால் அந்நகைப்பு அவனை நன்கு அறிந்தவனின் நகைப்பு. பாலாவின் 'நான் கடவுள்' (2009) திரைப்படத்தையும் இங்கு ஒப்பிடலாம். அங்கு அகோரியின் உடல் அச்சமூட்டுகிறது. எனினும் அவன் தாய் யார், தந்தை யார், அவனைக் காசியில் விட்டது ஏன் என்ற வினாக்களுக்கு விடை உண்டு. இதனால் நம் படங்கள் எல்லாம் நேர்மையானவை என்பது பொருளன்று. 'ஏழாம் அறிவு' (2011) போதிதருமரை மரபணுவாகச் சுருக்கியதும் ஒருவகைத் தால்சிம் ஆக்கமே.

எனினும், கல்கத்தாக் காட்சியை முற்றிலும் புறந்தள்ள நம்மால் இயலவில்லை. மோதலின் நடுவே, கூட்டத்தில் நிற்கும் ரியூவின் ஆற்றலைத் தால்சிம் உணர்கிறான். அவன் மனஒருமை கலைகிறது. போட்டி ஹோண்டாவுக்குச் சாதகமாகிறது. இதன் முக்கியத்துவத்தை உணர, படத்தின் மற்றொரு கூற்றை நினைவுகூர வேண்டும். பைசன் வீரர்களைத் தேடிக் கண்டறிய மனித வடிவ இயந்திரங்களை உலகெங்கும் அனுப்புகிறான். அவற்றின் கண்கள் படக்கருவிகள். வீரரின் வலிமையை அவை எண்களாகக் கணக்கிட்டு அனுப்புகின்றன. படத்தின் பெரும்பகுதி பார்த்தல் பற்றியது. இயந்திரம் அளந்து அறிகிறது. யோகி அளவையின்றி உணர்கிறான். ஒரே ஆற்றலை அறியும் இருவழிகளைப் படம் எதிரெதிரே நிறுத்திவிட்டது. சுகீயைப் போன்றவர் இதைத் தற்செயலாகச் செய்தார் என்று கூற நாம் துணியோம். ஆனால் நிறுத்தியதோடு சரி. யோகியின் உணர்வு, நாயகன் வலியவன் என்பதற்குச் சான்றிதழ் வழங்கப் பயன்படுகிறதேயன்றி, அவ்வறிவின் இயல்பு என்ன என்பதைப் படம் கேட்கவில்லை.

நம் மரபில் இவ்விடத்திற்கு உரை எழுத ஒருவர் இருக்கிறார். திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் எண்வகைச் சித்திகளை விரித்துரைக்கிறது. உடல் பெருத்தலும் நுண்ணிதாதலும் அங்கே வித்தைகள் அல்ல, யோகப் பாதையின் படிகள். பதஞ்சலியின் யோகசூத்திரமோ சித்திகள் சமாதிக்கு இடையூறு என எச்சரிக்கிறது. தாயுமானவர் இன்னும் ஒருபடி சென்று, மதயானையை அடக்குவது முதல் நீர்மேல் நடப்பதுவரை அரிய வித்தைகளையெல்லாம் அடுக்கிக் கூறி, மனத்தை அடக்குவது அவை அனைத்தினும் அரிது என்பார். அக்கண்கொண்டு நோக்கின், தால்சிம் தோற்றது ஹோண்டாவின் கைவலிமைக்கன்று; கை நீண்டது, தீ வந்தது, மனம் மட்டும் நில்லாமல் கூட்டத்தின்பால் சென்றது. தோல்வியின் உண்மைப் பொருள் அதுவே. படம் அறிந்தோ அறியாமலோ ஒரு யோகியின் வீழ்ச்சியை மிகச் சரியாகத் தீட்டிவிட்டு, அதைத் தீட்டியதை உணராமலே அடுத்த நாட்டுக்கு விமானம் ஏறிவிடுகிறது. இக்குறை நம்மை வருத்துவதற்குக் காரணம், இது அறியாமையின் குறையாக இல்லாமல், வாசல்வரை வந்து திரும்பியதன் குறையாக இருப்பதே.

சுகீ இதை உணர்ந்திருந்தார் எனக் கருதவும் இடமுண்டு. மறு ஆண்டு, 1995இல், அவரே இயக்கிய தொலைக்காட்சித் தொடரில் ரியூவும் கென்னும் இந்தியாவுக்கு வந்து தால்சிமிடம் அக ஆற்றலைப் பயில்கின்றனர். காட்சிப்பொருளாக இருந்தவன் ஆசான் ஆகிறான். தொடருக்கு இருபத்தொன்பது பகுதிகள் இருந்தன. படத்துக்குச் சில நிமிடங்கள். கால அளவு பாத்திரங்களின் தகுதியைத் தீர்மானிக்கிறது என்பது உண்மையே. ஆயினும் ரியூவின் தலைப்பட்டைக்குத் தேவைப்பட்டதும் சில நிமிடங்கள்தாமே. 1994இன் இறுதியில் அமெரிக்காவில் வெளிவந்த நடிகர்கள் நடித்த படத்தில் ரோஷன் சேத் தால்சிமாக நடித்தார். அங்கு அவன் ஆய்வகத்தில் சிறைப்பட்ட அறிவியலாளன், யோகம் துறந்தவன். காட்டுமிராண்டிக்கு மாற்று ஆய்வகம் என்பது எளிய தீர்வு. நாம் அதனைத் தீர்வாகக் கொள்ளவில்லை. 2025இல் புதிய திரைப்படமொன்றில், 'துப்பாக்கி'யில் நாம் கண்ட வித்யுத் ஜம்வால் அப்பாத்திரத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். களரிப்பயிற்சி பெற்ற உடல் அவருடையது. அவ்வுடலின்மேல் மாலை எவ்வாறு விழும் என்பதே நாம் நோக்கவேண்டியது.

தைப்பூச நாளில் பத்துமலைப் படிகளில், அலகு குத்திய காவடியாளரின் முகத்துக்கு முன் எத்தனை படக்கருவிகள் நீள்கின்றன என்பதைக் கோலாலம்பூரில் வாழ்வோர் அறிவர். கருவிக்குத் தெரிவது அலகு. நேர்த்திக்கடன் யாருக்காக, எந்தக் குழந்தையின் காய்ச்சலுக்காக என்பது தெரியாது. வகுப்பில் இவ்வொப்புமையை நாம் கூறியபோது காப்பார் மாணவர் உடன்படவில்லை. காவடியாளர் இறக்கி வைத்தபின் வீட்டுக்குப் போவார், உறவினரோடு உணவு உண்பார். அதைப் பார்க்க நாங்கள் இருப்போம் என்றார். அவர் படத்தை மீண்டும் ஓட்டி, கல்கத்தாவுக்குப் பிந்திய பகுதி முழுவதையும் தேடியிருக்கிறார். ஹோண்டா கதைக்குத் திரும்பி வருகிறான். இறுதிப் போரிலும் பங்கேற்கிறான். தோற்ற தால்சிம் எங்கே போனான் என்பதற்கு ஒரு சட்டகமும் இல்லை.