அடர்ந்த பல்கோண வலைக்கு வழவழப்பான பரப்பு பொருத்துதல் (1996 ஆய்வுக் கட்டுரை)

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெங்கட் கிருஷ்ணமூர்த்தியும் மார்க் லெவாயும் 1996 ஆம் ஆண்டு சிக்கிராஃப் மாநாட்டில் அளித்த இந்தக் கட்டுரை, முப்பரிமாண வருடியிலிருந்து கிடைக்கும் பல்கோண வலையை பி-ஸ்பிளைன் பரப்புகளாக மாற்றும் முறையை விளக்குகிறது. பாராஃபார்ம் மென்பொருளை உருவாக்கியதற்காகக் கிருஷ்ணமூர்த்திக்கு 2001 இல் ஆஸ்கார் அகாதமியின் தொழில்நுட்பச் சாதனை விருது கிடைத்தது.

சிக்கல்

இரும்புலியூர், தாம்பரம், குரோம்பேட்டை வட்டாரத்தில் பொறியியல் பயில்வோருக்கு இச்சிக்கல் புதிதன்று. தெற்கே மறைமலை நகர், ஒரகடம் வரை வாகன உதிரிபாகத் தொழில் பரவியுள்ளது. வரைபடம் இல்லாத தேய்ந்த பாகத்தை வருடினால் இலட்சக்கணக்கான முக்கோணங்கள் கிடைக்கும். அவற்றைத் திரையில் பார்க்கலாம், அச்சிடலாம். ஆனால் ஒரு வளைவின் ஆரத்தை மாற்ற நினைத்தால், மாற்றுவதற்கு அங்கே ஆரம் என்று ஒன்று இல்லை.

முறை

பயனர் வலையின் மீது புள்ளிகளைக் குறித்து எல்லைக் கோடுகளை வரைந்து, அதை நாற்பக்கத் துண்டுகளாகப் பிரிக்கிறார். ஒவ்வொரு துண்டின் மீதும் சுருள்வில் வலைபோல ஒரு சீரான கட்டம் படியவைக்கப்படுகிறது. அக்கட்டத்துக்கு பி-ஸ்பிளைன் பரப்பு பொருத்தப்படுகிறது. அதில் அடங்காத நுண்விவரங்கள் இடப்பெயர்ச்சிப் படமாகத் தனியே சேமிக்கப்படுகின்றன.

நிறைகள்

கட்டம் அமைப்பதையும் பரப்பு பொருத்துவதையும் பிரித்ததே கட்டுரையின் முக்கியப் பங்களிப்பு. பரப்பின் நுணுக்கத்தைக் கூட்டவோ குறைக்கவோ முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. எல்லைக் கோடுகளை மனிதரிடம் விட்டதும் சரியான முடிவே. அதே மாநாட்டில் எக், ஹோப் இருவரும் துண்டுகளைத் தானாகவே பிரிக்கும் முறையை அளித்தனர். உழைப்பு அதில் குறைவு. ஆனால் அசைவூட்டக் கலைஞர் மூட்டு எங்கே மடங்கும் என்பதை அறிந்து கோடு போடுவது போல, கணினி போடுவதில்லை.

குறைகள்

இம்முறை உருவங்களுக்குப் பொருந்தும் அளவுக்கு இயந்திர பாகங்களுக்குப் பொருந்தாது. எடை சேர்க்காத பி-ஸ்பிளைனால் வட்டத்தைத் துல்லியமாகக் குறிக்க இயலாது. எனவே உருளை வடிவத் துளை, உருளைக்கு நெருக்கமான பரப்பாகவே முடிகிறது. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. தாங்கி அதில் பொருந்தும்போது தெரியும். வருடியின் இரைச்சலும் தேய்மானமும் வடிவத்தின் பகுதியாகவே பதிவாகின்றன. பொறியியல் மென்பொருளில் இடப்பெயர்ச்சிப் படத்துக்குப் பயன் குறைவு என்பதால், அதில் ஒதுக்கிய விவரம் பட்டறைக்குப் போய்ச் சேராது.

மதிப்பீடு

வலைக்கு அருகில் இருப்பதே சரியான பரப்பு என்று கட்டுரை கொள்கிறது. சிற்பத்துக்கு அது போதும். பாகத்துக்கோ, செய்தவர் எந்த அளவைக் கருதினார் என்பதே முதன்மை. அது வலையில் எழுதப்பட்டிருப்பதில்லை. ஆகவே தளம், உருளை, கூம்பு ஆகியவற்றை முதலில் அடையாளம் கண்டு அளவெடுத்து வரைந்து, எஞ்சிய வளைபரப்புகளுக்கு மட்டும் இம்முறையைக் கையாள்வது நன்று. இந்த எல்லையை உணர்ந்து படிக்கும் மாணவருக்கு, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கடந்தும் இக்கட்டுரை தெளிவான தொடக்கப் பாடமாக விளங்குகிறது.