குதிகாலும் குறிப்பேடும்

அம்மாவின் கட்டில் தலைமாட்டில் ஓர் அட்டை தொங்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரை எந்தப் பக்கம் திருப்பிப் படுக்கவைத்தார்கள் என்று அதில் எழுத வேண்டும். இடது, நேர், வலது. பக்கத்தில் ஒரு கையெழுத்து. பக்கவாதம் வந்த பிறகு அம்மாவால் தானாகப் புரள முடியாது. கோவைக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் அவரைச் சேர்த்தபோது எனக்குப் பெரிய ஆறுதல் தந்தது அந்த அட்டைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்குப் போனேன். ஆறு மணிக்கு ‘இடது’, எட்டு மணிக்கு ‘நேர்’, பத்து மணிக்கு ‘வலது’ என்று அப்போதே எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தது.

போர்வையை விலக்கிப் பார்த்தேன். இடது குதிகாலில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தி எடுத்தேன். ரத்த ஓட்டம் சரியாக இருந்தால் அழுத்திய இடம் ஒரு நொடி வெளுத்து, பிறகு சிவக்கும். வெளுக்கவே இல்லை. படுக்கைப் புண்ணின் முதல் கட்டம் அது. தோல் கிழியாத இந்த நிலையிலேயே கவனித்து, கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் ஆறிவிடும். விட்டுவிட்டால் எலும்பு வரை இறங்கும்.

அன்று பணியில் இருந்த அக்காவிடம் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. “ராத்திரிக்கு ரெண்டு பேருதானுங்க இருக்கறோம். இருபத்தாறு பேரைப் பாக்கோணும். அம்மாவைத் திருப்பாம உட மாட்டோமுங்க. மணி பாத்து எழுதறதுக்குத்தான் நேரமில்லீங்க. எழுதாம உட்டா காலையில மேனேஜர் சத்தம் போடுவாருங்க.”

அட்டை பொய் சொன்னது. அந்த அக்கா பொய்க்காரி இல்லை. என் அம்மாவுக்கு இரவு ஒரு மணிக்குத் தண்ணீர் ஊட்டுகிறவர் அவர்தான். ஆனாலும் குதிகால் சிவந்திருந்தது. பராமரிப்பின் தரத்தைக் கண்காணிக்கிறோம் என்று நாம் செய்வதெல்லாம் எந்த இடத்தில் காகிதத்தோடு நின்றுபோகிறது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

இந்தக் கேள்விக்கு நீண்ட அனுபவம் உள்ள நாடு அமெரிக்கா. நம் ஊரில் ‘நர்சிங் ஹோம்’ என்றால் சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. அங்கே அந்தச் சொல், நடமாட முடியாத முதியவர்கள் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் தங்கும் பராமரிப்பு இல்லத்தைக் குறிக்கும். அப்படி ஏறத்தாழ 15,000 இல்லங்கள் உள்ளன. அவற்றின் பெரும்பகுதி அரசின் மெடிக்கேர், மெடிக்கெய்டு மருத்துவக் காப்பீட்டுப் பணத்தில் ஓடுவதால், கணக்குக் கேட்கும் உரிமையும் அரசுக்கு உண்டு.

1986-ல் அங்குள்ள மருத்துவக் கழகம் இந்த இல்லங்களைப் பற்றிக் கடுமையான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. மறு ஆண்டே சீர்திருத்தச் சட்டம் வந்தது. உள்ளே வரும் ஒவ்வொருவரையும் தலை முதல் கால் வரை மதிப்பிட்டு எழுத வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். உதவியாளர்களுக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி கட்டாயம். சராசரியாக ஆண்டுக்கு ஒருமுறை, எப்படியும் 15 மாதத்துக்குள், மாநில ஆய்வுக்குழு சொல்லாமல் வந்து நிற்கும். வருகிறார்கள் என்று இல்லத்துக்கு முன்கூட்டியே தகவல் கொடுப்பவருக்கு 2,000 டாலர் வரை அபராதம் என்றும் அந்தச் சட்டமே சொன்னது. இந்த ஒரு வரியை எழுதியவர்களுக்கு மனிதர்களை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அந்தச் சட்டத்தின் பெரிய வெற்றி, கட்டிப்போடும் வழக்கத்தை ஒழித்தது. 1980-களின் இறுதியில் அந்த இல்லங்களில் பத்தில் நான்கு பேர் வரை இடுப்புவாராலோ மணிக்கட்டுப் பட்டையாலோ நாற்காலியிலும் கட்டிலிலும் கட்டப்பட்டிருந்தார்கள். விழுந்துவிடக் கூடாது என்பதுதான் சொன்ன காரணம். கட்டிவைத்தால் தசை கரைந்து, அவிழ்த்தவுடன் இன்னும் மோசமாக விழுவார்கள் என்று பிறகு தெரிந்தது. ஊழியர் வசதிக்காகவோ தண்டனையாகவோ யாரையும் கட்டக் கூடாது என்று 1987 சட்டம் சொன்னது. இன்று கட்டப்பட்டிருப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்கின்றன பதிவுகள். இதுவும் இல்லங்களே எழுதித் தரும் கணக்குதான். ஆனாலும் இதை நான் நம்புகிறேன். இடுப்பில் ஒரு வார் இருந்தால் பார்க்க வரும் மகளுக்குத் தெரியும், ஆய்வாளருக்குத் தெரியும், புகார் கேட்டு வரும் முறைமன்ற அலுவலருக்கும் தெரியும். கணக்கு எழுதுபவர் கையை விட்டு வெளியே இருக்கிற கண்கள் அவை.

வெளிக்கண் இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு, 2008 டிசம்பரில் தொடங்கிய நட்சத்திர முறையே சாட்சி. ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை கொடுத்து இணையத்தில் போட்டார்கள். இதன் நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில் ‘நாளை மறுநாள் டிஸ்சார்ஜ்’ என்று சொல்லிவிடுவார்கள். அப்பாவை எங்கே சேர்ப்பது என்று ஒரு பிள்ளை இரண்டே நாளில் முடிவுசெய்ய வேண்டும். நானும் அப்படித்தான் ஓடினேன். எனக்குக் கிடைத்தவை ஒரு வண்ணத் துண்டுப்பிரசுரமும், தெரிந்தவர் ஒருவர் சொன்ன நல்ல வார்த்தையும்தான். நட்சத்திரம் எவ்வளவு கரடுமுரடானதாக இருந்தாலும் அந்தப் பிரசுரத்தைவிட மேல்.

நட்சத்திரம் மூன்று பகுதிகளால் ஆனது. நேரடி ஆய்வு ஒன்று, பணியாளர் எண்ணிக்கை ஒன்று, விழுதல், படுக்கைப் புண், மருந்துப் பயன்பாடு போன்ற தர அளவுகள் ஒன்று. ஆய்வு மட்டுமே வெளியாள் செய்வது. மற்ற இரண்டையும் தொடக்கத்தில் இல்லங்களே சொந்தமாக எழுதித் தந்தன. 2014-ல் நியூயார்க் டைம்ஸ் நாளேடு இதைத் தோண்டி வெளியே போட்டது: உயர்ந்த நட்சத்திரம் வாங்கிய பல இல்லங்களின் உயர்வு, அவை தம்மைப் பற்றித் தாமே சொன்னதில் இருந்துதான் வந்திருந்தது. ஆய்வுப் பகுதியிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு மாநிலத்தின் இல்லங்களை வரிசைப்படுத்தி, மேலே உள்ள பத்து விழுக்காட்டுக்கு ஐந்து நட்சத்திரம், கீழே உள்ள இருபது விழுக்காட்டுக்கு ஒன்று என்று பிரிக்கிறார்கள். மாநிலம் முழுக்கவே மோசமாக இருந்தாலும் அங்கும் சிலர் கையில் ஐந்து நட்சத்திரம் இருக்கும்.

இல்லங்கள் தாமே எழுதித் தரும் கணக்குக்கு அமெரிக்க அரசு கண்ட மருந்துதான், என் பார்வையில், இந்த நாற்பது ஆண்டுக் கதையிலேயே பயனுள்ளது. ‘எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள்’ என்று கேட்பதை விட்டார்கள். சம்பளப் பட்டியலைக் கொடு என்றார்கள். 2016-ல் அந்தப் பட்டியலைச் சேகரிக்கத் தொடங்கி, 2018 ஏப்ரலில் நட்சத்திரக் கணக்கில் சேர்த்தார்கள். சம்பளப் பட்டியலில் இல்லாத ஆளைக் காட்டினால் தணிக்கையில் மாட்டிக்கொள்ள வேண்டும். 14,000-க்கு மேற்பட்ட இல்லங்களின் பதிவுகளை கைசர் ஹெல்த் நியூஸ் அலசியபோது, பத்தில் ஏழு இல்லங்களில் முன்பு சொன்னதைவிடப் பணியாளர் குறைவு என்று தெரிந்தது. குறைவு சராசரியாக 12 விழுக்காடு. சனி, ஞாயிறுகளில் இன்னும் குறைவு. நான் அம்மாவைப் பார்க்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை என்பதை இதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன். 2022 முதல் வார இறுதிப் பணியாளர் எண்ணிக்கையையும், எத்தனை பேர் வேலையை விட்டுப் போகிறார்கள் என்பதையும் நட்சத்திரத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

தர அளவுகளுக்கு இப்படி ஒரு சம்பளப் பட்டியல் கிடைக்கவில்லை. எலும்பு முறிவு, தலைக்காயம் போன்ற பெரிய காயத்தோடு விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்களின் பில்களை எடுத்து, இல்லங்கள் எழுதிய பதிவுகளோடு சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். 2020-ல் வெளியான அந்த ஆய்வில், இப்படி விழுந்தவற்றில் 57.5 விழுக்காடு மட்டுமே இல்லத்தின் பதிவில் இருந்தது. இடுப்பு எலும்பு முறிந்த ஒருவரின் கதை ஆஸ்பத்திரி பில்லில் இருக்கிறது, இல்லத்தின் ஏட்டில் இல்லை. எழுதாமல் விட்ட இல்லத்துக்கு நல்ல மதிப்பெண். ஒழுங்காக எழுதிய இல்லத்துக்குக் குறைந்த மதிப்பெண். நேர்மையைத் தண்டிக்கும் அளவுகோல் இது.

இதைவிட என்னை உலுக்கியது மருந்து விவகாரம். மறதி நோய் உள்ளவர்கள் சத்தம் போட்டால், இரவில் எழுந்து நடந்தால், மனநோய் மருந்து கொடுத்து மந்தமாக்கி உட்காரவைக்கும் வழக்கம் அங்கே பரவலாக இருந்தது. இடுப்பில் கட்டிய வாரை அவிழ்த்துவிட்டு மூளையில் கட்டுவது போல. 2012 முதல் அரசு இதைக் குறைக்க முனைந்தது, எண்ணிக்கையும் நன்றாகவே இறங்கியது. ஆனால் மனச்சிதைவு நோய் உள்ளவர்களை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று ஒரு விலக்கு இருந்தது. அவர்களுக்கு அந்த மருந்து உண்மையிலேயே தேவை என்பதால் வைத்த நியாயமான விலக்கு. இளமையில் தொடங்கும் அந்த நோய், எண்பது வயதுக்காரர்களின் ஏட்டில் புதிதாக முளைக்கத் தொடங்கியது. இல்லவாசிகளில் ஒன்பதில் ஒருவருக்கு மனச்சிதைவு என்று பதிவாகியிருந்ததை 2021-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. பொதுமக்களில் அது ஏறத்தாழ 150-ல் ஒருவருக்குத்தான். 2023-ல் அரசு இந்தப் பதிவுகளைத் தணிக்கை செய்யத் தொடங்கியது. அதற்குள் அந்த நோயின் பெயர் எத்தனையோ பாட்டிகளின் ஏட்டில் ஏறிவிட்டது.

இவ்வளவையும் பார்த்துவிட்டு, காகித வேலையை ஒழித்து ஊழியர்களை நம்புங்கள் என்று சொல்பவர்கள் உண்டு. ஓர் உதவியாளர் படுக்கையருகே இருக்க வேண்டிய நேரத்தை எழுத்து தின்கிறது என்ற அவர்கள் வருத்தம் நியாயமானது. அதற்கு மேல் என்னால் அவர்களோடு போக முடியவில்லை. இந்த எழுத்துக் கட்டாயம் வருவதற்கு முன்புதான் பத்தில் நான்கு பேர் வரை கட்டப்பட்டிருந்தார்கள். எழுதுவதை நிறுத்துவதால் குதிகால் ஆறாது.

ஆய்வு முறையிலும் எனக்கு ஒரு குறை உண்டு. வருகிற குழு குறையைக் கண்டுபிடித்து, எவ்வளவு கடுமை, எத்தனை பேருக்குப் பரவியது என்று பார்த்து, ஆங்கில எழுத்தில் ஏ முதல் எல் வரை ஒன்றைத் தந்துவிட்டுப் போகிறது. எப்படித் திருத்துவது என்று பக்கத்தில் உட்கார்ந்து கற்றுத்தருவது அதன் வேலையாக இல்லை. திருத்தம் பெரும்பாலும் சின்ன விஷயங்களில் இருக்கிறது. ஒரே உதவியாளர் ஒரே முதியவரை நாள்தோறும் பார்த்துக்கொண்டால், அம்மா புருவத்தைச் சுருக்குவது வலியாலா, சிறுநீர் முட்டுவதாலா என்று அவருக்குப் பழகிவிடும். அதற்கு ஆள் நிலைக்க வேண்டும். ஆள் நிலைக்கச் சம்பளம் வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 3.48 மணி நேரப் பராமரிப்பாவது கிடைக்க வேண்டும் என்று 2024-ல் அமெரிக்க அரசு விதி கொண்டுவந்தது. இல்ல உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2025 ஏப்ரலில் டெக்சாஸில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எதை வேண்டுமானாலும் அளந்துகொள்ளுங்கள், கூடுதலாக ஆள் போடச் சொல்லாதீர்கள் என்பதுதான் அந்த வழக்கின் சாரம் என்று எனக்குப் படுகிறது.

நம்மிடம் அளப்பதே இன்னும் தொடங்கவில்லை. 2007-ன் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஓர் இல்லம், அதில் குறைந்தது 150 ஆதரவற்ற முதியவர்கள் என்று பேசுகிறது. இல்லங்களுக்கான தரத்தை மாநில அரசு வகுக்கலாம் என்றும் சொல்கிறது. ‘வகுக்கலாம்’ என்பதுதான் அதில் உள்ள சொல். தனியார் இல்லங்களைக் கட்டாயமாகப் பதிவுசெய்ய வேண்டும், குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று 2019-ல் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதா நிறைவேறாமலே, அந்த அவையின் ஆயுளோடு காலாவதியானது. தமிழ்நாட்டில் 2021-ல் நூற்றுக்கு 13.6 பேர் அறுபதைக் கடந்தவர்களாக இருப்பார்கள் என்று தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் கணிப்பு. கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, இந்த இல்லங்கள் பெருகத்தான் போகின்றன. சட்டம் வரும்போது அமெரிக்காவின் படிவங்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சம்பளப் பட்டியலையும் சொல்லாமல் வரும் ஆய்வையும் எடுத்துக்கொண்டால் போதும். ஆஸ்பத்திரிக்குப் போன ஒவ்வொரு முதியவரின் காயத்தையும் ஆஸ்பத்திரியே தெரிவிக்க வேண்டும் என்று ஒரு விதியை நாமே சேர்த்துக்கொள்ளலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நானும் இன்னும் நான்கு குடும்பத்தாரும் மேனேஜரிடம் பேசினோம். அட்டையில் கட்டம் காலியாக இருந்தால் யாரையும் திட்டக் கூடாது, காரணம் மட்டும் எழுதினால் போதும் என்று கேட்டோம். தினமும் காலைக் காபிக்கு முன்னால் எல்லோருடைய குதிகாலையும் முதுகடியையும் விரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னோம். அவர் கொஞ்சம் முகம் சுளித்தார், பிறகு ஒப்புக்கொண்டார். அம்மாவின் குதிகால் பத்து நாளில் ஆறியது. அட்டையில் காலிக் கட்டங்கள் வரத் தொடங்கின. ஒன்றில் அக்காவின் கோணல் எழுத்தில் இப்படி இருந்தது: ‘ஏழாம் ரூம் பாட்டி விழுந்துட்டாங்க, அங்க போயிட்டோம்.’ ஒரு மாத அட்டைகளை மேசையில் பரப்பிப் பார்த்தபோது காலிக் கட்டங்களில் பாதிக்கு மேல் இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இருந்தன. அடுத்த மாதம் முதல் அந்த நேரத்துக்கு மூன்றாவதாக ஓர் ஆளைப் போட்டிருக்கிறார்கள்.